மண் டாக்டர் கட்டிய நூல்

அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரை வரிசை வீடுகளில், என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப்பேர் இப்போது கொழும்பில். இரண்டு பேர் குவைத்தில். ஒருத்தி கோயம்புத்தூரில் பேத்தி எடுத்துவிட்டாள். கண்ணாடி போடாமல் யாராலும் இதை வாசிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். மெதுவாகவே வாசியுங்கள். ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் விடுமுறையில் முடிந்த காரியம் இது. இதில் ஒரு மலை வருகிறது, மழை வருகிறது, ஜப்பானிலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். உங்களைக் கேட்டால் மலையையும் மழையையும் சொல்வீர்கள். எனக்கு முதலில் நினைவு வருவது வேன்.

மாமாவின் வேன். அம்மாவின் தம்பி அவர், பதுளையில் வாடகைக்கு ஓட்டினார். உள்ளே ஏறினால் டீசலும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசம். இருக்கை உறை கிழிந்த இடத்தில் மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்க்கும். நான் அதைக் கிள்ளிக் கிள்ளி உருட்டுவேன். கண்ணாடிக்குக் கீழே முருகன், முருகனுக்குப் பக்கத்தில் புத்தர். "ரெண்டு பேரும் ஒரே ரோட்டுக்காரங்கதான், சண்ட போட மாட்டாங்க" என்பார் மாமா. அந்த விடுமுறைக்கு என்னைப் பதுளைக்கு அழைத்துப் போயிருந்தார். அத்தை தையல் கடைக்குப் போய்விடுவாள். வீட்டில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் மாமா வேனில் ஏற்றிக்கொண்டார். எனக்குப் பத்து வயது.

அந்த வாரம் வேனைப் பிடித்திருந்தவர் ஜப்பானிலிருந்து வந்த ஒரு விஞ்ஞானி. மண்ணையும் மலையையும் படித்தவர். பதுளை நகர மண்டபத்தில் மூன்று நாள், காலையில் விரிவுரை, மதியத்துக்குப் பிறகு ஊர் சுற்றிக் காட்டுதல் என்று நிகழ்ச்சித் தாளில் அடித்திருந்தது. மாமா தாளை இரண்டு முறை வாசித்தார்.

"மனுசனுக்கு டாக்டரு இருக்கு. மாட்டுக்கு டாக்டரு இருக்கு. மண்ணுக்கும் இருக்காமே பாப்பா!"

மண் டாக்டர் என்ற பெயர் அப்படி வந்தது. வெள்ளைக்காரத் தொரைசானி மாதிரி ஒருத்தர் வருவார் என்று நான் நினைத்திருந்தேன். வந்தவர் அம்மாவின் தோள் உயரம்கூட இல்லை. அறுபது வயது இருக்கும். நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தார். சட்டையில் எண்ண முடியாத பைகள். முதல் நாள் வேனில் ஏறும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மாமா பதறிப்போனார். "ஐயையோ மேடம், சப்பாத்தோடயே ஏறுங்க, இது என்னா கோயிலா!" அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குனிந்து வணங்கினார். மாமாவும் வணங்கினார். அவர் மறுபடி வணங்கினார். கூட வந்து பின்னால் ஏற நின்ற அரசாங்க அதிகாரி, "போவோம், போவோம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

மண் டாக்டர் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மேல் தாளைப் பிரித்தேன். உள்ளே இன்னொரு மெல்லிய தாள், கண்ணாடி போல. அதையும் உரிக்கப் பார்த்தேன், விரலில் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்து, அப்படியே வாயில் போடச் சொல்லிக் கை காட்டினார். தாள் நாக்கில் கரைந்தது. தாளைத் தின்ன முடியும் என்பதுதான் விஞ்ஞானத்தில் நான் கற்ற முதல் பாடம்.

அது சோதனைச் சாவடிகளின் காலம். பதுளைக்குள் நுழையுமிடத்தில் மாமா தினமும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, ஊரையும் தொழிலையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தான், மண் டாக்டரின் தொப்பியைக் கண்டான், கையசைத்தான். போகலாம். மாமா இரண்டு தெரு தாண்டும் வரை விசில் அடித்தார்.

*

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். முன்வரிசையில் அதிகாரிகள், நடுவில் ஆசிரியர்கள், பின்னால் இடத்தை நிரப்ப அழைத்து வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள். கடைசி வரிசையில் மாமாவும் நானும். திரைச்சீலையை இழுத்து மூடியதும் இருட்டில் ஒரு மெஷின் க்ளக் க்ளக் என்று படம் காட்டியது. பதுளை ஆகஸ்ட் எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கிய நமக்கு அந்தச் சூடு கழுத்தில் கம்பளி சுற்றியது போல இருக்கும்.

மண் டாக்டர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசுவார். அதிகாரி அதைச் சிங்களத்தில் இரண்டு நிமிடமாக்குவார். மாமா தமிழில் என் காதுக்குள் ஒரே மூச்சில் முடிப்பார்.

"மல இடியிறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் இடியுமாம்."

"யாருகிட்ட சொல்லும்?"

"அதத்தான் இப்பச் சொல்லப் போறாங்க. சும்மா இரு."

நான்கு படங்கள் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கின்றன. அடியில் முழங்கால் மாதிரி வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள். தரையில் ஒரு வெடிப்பு. தெளிவாக ஓடிய ஊற்று சிவப்பாகிய படம். நான்காவதில், எந்த நாடோ, ஒரு கிழவர் தன் வீட்டுக் கதவைத் தோளால் முட்டித் தள்ளுகிறார், கதவு நகரவில்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்னால் இருந்த ஆசிரியர் திரும்பி முறைத்தார். எனக்கு ஏன் சிரிப்பு வந்தது தெரியுமா? லயத்தில் எங்கள் ஓரறை வீடான காம்பராவின் கதவை அப்பா அதே தோளால்தான் முட்டுவார். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கதவு இறுகும். அப்பா இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவுவார். "பலக ஊறிப் போச்சு" என்பார். சீவிச் சீவி மறுபக்கத்தில் பூனை எட்டிப் பார்க்கும் அளவுக்கு இடைவெளி வந்துவிட்டது. பலகைமேல் இருந்த பழியை அதுவரை யாரும் நிலத்தின்மேல் போட்டதில்லை.

அன்று மதியம் ரயில் நிலையம் காட்டினார்கள். தண்டவாளம் இதோடு முடிகிறது, இதற்கப்பால் ரயில் இல்லை என்று அதிகாரி பெருமையோடு சொன்னார். மண் டாக்டர் தண்டவாளத்தைப் பார்க்காமல் கரைச்சுவரைப் பார்த்தார். மறுநாள் முத்தியங்கனை விகாரை. சந்தோசமாகச் சப்பாத்தைக் கழற்றினார், நெடுநேரம் கும்பிட்டார், பிறகு பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிய விட்டிருந்த ஓட்டை ஒன்றுக்குள் விரலை விட்டு முகர்ந்தார். அங்கிருந்து துன்ஹிந்தை அருவி. வேனை நிறுத்திவிட்டு ஒரு மைல் நடந்தோம். வழியெல்லாம் பெலிமல் என்ற வில்வப்பூத் தேநீர் விற்கிறவர்கள், குரங்குகள், ஈரப் பாறை வாசம். கடைசி வளைவில் அதிகாரி, தன் வீட்டுத் தோட்டத்தைக் காட்டுகிறவர் போல அருவியை நோக்கிக் கை நீட்டினார். புகைபோல எழுந்த தூவானம் எங்கள் முகத்தை நனைத்தது. மண் டாக்டர் அருவிக்கு ஒரு வணக்கம் போட்டார். உடனே திரும்பி, எதிர்ச்சரிவு மரங்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

"ஒரு மைல் நடந்து வந்து அருவிக்கு முதுகக் காட்டுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் மாமா.

மரங்களின் முழங்கால்களை நானும் பார்த்தேன். அங்கேதான் மாமாவின் சட்டையை இழுத்துச் சொன்னேன்: "மாமா, நம்ம லயத்துக்கு மேல இருக்கிற சவுக்கெல்லாம் இப்படித்தான் நிக்கும். கதவும் அப்படித்தான்."

மாமாவுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. அதிகாரியைத் தாண்டிப் போய் நேராகவே சொன்னார். "மேடம், சிஸ்டர் ஹவுஸ், டோர், ட்ரீ, சேம் சேம்."

மண் டாக்டர் படப்பெட்டியைக் கீழே இறக்கினார். அவர் என்னைப் பார்த்த பார்வையை அருவிக்குக்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் எல்ல அருவிக்குப் போவதாக இருந்த பயணம் அங்கேயே ரத்தானது. தோட்டத்துக்கு வருகிறேன் என்றார். சந்திக் கடைக்குத் தொலைபேசி எடுத்து மாமா செய்தி சொன்னார்: ஜப்பானிலிருந்து ஒரு பெரிய ஆள் நம் லயத்தைப் பார்க்க வருகிறார்.

*

இனி நம்மவர்கள் செய்ததைச் சொல்கிறேன். கோபிக்காதீர்கள். நானும் அங்கிருந்திருந்தால் செய்திருப்பேன்.

தோட்டத்துக்குப் பெரிய தொரை வந்தால் என்ன நடக்கும்? சாக்கடைக் கானில் இருக்கும் குப்பை அள்ளப்படும். சுண்ணாம்பு வாளி வரும். ஒருமுறை சுத்தமான லயம் என்று பேர் வாங்கிய கீழ்ப் பிரிவுக்குத் தண்ணீர்க் குழாய் கிடைத்தது. ஆகவே அழுக்கைக் காட்டினால் ஏச்சு, அழகைக் காட்டினால் குழாய். பல தலைமுறையாக நமக்குப் பழகிய கணக்கு அது. மறுநாள் மதியம் வேன் திரும்பியபோது பன்னிரண்டு காம்பராவும் வெள்ளைவெளேரென்று பல் காட்டிக்கொண்டு நின்றன. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. வாசலெல்லாம் மாவிலை. அம்மா கல்யாணச் சேலையில், ஆரத்தித் தட்டோடு. கதவுகள் எல்லாவற்றையும் அப்பா ஒரே நாளில் சீவி முடித்திருந்தார். சுண்டுவிரலால் தள்ளினால் திறந்தன.

லயத்துக்கு மேலே, சவுக்குகளுக்குக் கீழே, அந்த வெடிப்பு. நாம் அதை வாய் என்போம். கல்லைப் போட்டால் சத்தம் வருமா என்று காது வைத்துக் கேட்போம். என் சிவப்பு ரப்பர் செருப்பு ஒன்றை அது விழுங்கியது. நான் முழங்கால் வரை காலை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. அந்த வாயைக் காணோம். களிமண்ணும் சாணமும் குழைத்து அடைத்து, மேலே புல் பெயர்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதை முன்நின்று செய்தது அம்மா.

"இந்தப் புள்ள சொன்ன வெடிப்பு எது?" என்று அதிகாரி கேட்டார். மாமா தமிழில் கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. ரெண்டு வெரல் இருக்கும்" என்றார் கணக்கப்பிள்ளை.

"ரெண்டுகூட இருக்காதுங்க, ஒண்ணரைதான்" என்றார் தலைவர். தொழிற்சங்கத் தலைவர் கணக்கப்பிள்ளையோடு ஒத்துப்போனதை நாம் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மண் டாக்டர் என்னிடம் குனிந்தார். தன் விரல்களைக் காட்டினார்: எவ்வளவு? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "ரெண்டு வெரலுன்னு சொல்லுடி. வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத."

நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் தலையாட்டினார். பிறகு புதுப் புல் இருந்த கோட்டின்மேல் குடை நுனியை வைத்து லேசாக அழுத்தினார். குடை, கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

 தலைவர்தான் முன்னால் வந்து, "விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டக் கூட்டி வச்சோம், வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார். மாமா மொழிபெயர்த்தார், அதிகாரி மொழிபெயர்த்தார். மண் டாக்டர் கோபப்படவில்லை. வெடிப்பில் தண்ணீர் இறங்காமல் களிமண் போட்டது நல்லதுதான் என்றுகூடச் சொன்னார். அம்மாவுக்கு உயிர் வந்தது. ஆனால் அடைத்தால் மலை நிற்காது, நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வெடிப்புக்கு மேல்பக்கம் ஒரு முளை, கீழ்ப்பக்கம் ஒரு முளை அடிக்கச் சொன்னார். பையிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார். தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. இரண்டு முளைக்கும் நடுவே, ஒரு முழ நீளத்துக்கு, தொய்வில்லாமல் கட்டினார்.

"நூல் இறுகினா மல நகருதுன்னு அர்த்தமாம். அறுந்தா ஒரு நிமிசம் நிக்காம எல்லாரும் கீழ எறங்கணுமாம்" என்றார் மாமா. அதிகாரி சொன்னதை ஒரு சொல் குறைக்காமல்தான் சொன்னார்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் படிச்ச அம்மா, இத்துப்போன நூலப் போயி கட்டுறாங்களே. மச்சான், நம்மகிட்ட மாட்டுக் கயிறு இருக்கு, வேணுமான்னு கேளுங்க."

"அறுகணும்னுதான் மச்சான் கட்டுறாங்க."

"அறுகணும்னு யாராவது கட்டுவாங்களா?"

நூலை யார் பார்த்துக்கொள்வது என்று மண் டாக்டர் கேட்டார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் நேராக அம்மாவிடம் போய், மீதி நூல்கண்டை அல்ல, வெறும் தன் இரண்டு கையை நீட்டி அம்மாவின் கைகளைப் பிடித்தார். நீங்கள் பாருங்கள் என்றார். தினமும் கொழுந்துக் கூடையைத் தவிர வேறெதையும் யாரும் நம்பிக் கொடுக்காத கைகள் அவை.

இந்த லயத்தை மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார். அந்தக் கடிதம் எங்கெங்கோ போனது. லயத்துக்கு மட்டும் வரவில்லை.

*

ஐப்பசியில் மழை பிடித்தது. நூல் இறுகியது.

அம்மா தினமும் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, பொலித்தீனைத் தலையில் போர்த்திக்கொண்டு மேலே போவாள். பள்ளி விட்டு நானும் கூடப் போவேன். முதல் நாள் நூலை விரலால் சுண்டிப் பார்த்தாள். டிங் என்றது.  பிறகு ஒரு முனையை அவிழ்த்து, இடுப்பில் செருகியிருந்த கோதுமை மா மூட்டைப் பழுப்பு நூலில் ஒரு சாண் சேர்த்து முடிந்து, மறுபடி கட்டினாள். நூல் தொய்ந்தது.

"ஏம்மா?"

"விட்டா அறுந்துரும்டி."

"அறுந்தா போகச் சொன்னாங்கதானே?"

"போறதா? எங்க?"

 அம்மாவுக்குத் தெரிந்த ஒரு கதை இருந்தது, உங்களுக்கும் தெரியும். பக்கத்துப் பிரிவில் முந்திய வருடம் சின்னதாக மண் சரிந்தபோது, எல்லோரையும் கோயில் மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனால், காம்பராக்களுக்குக் கதவு இல்லை, கூரைத் தகரம் இல்லை. புதிதாகவும் ஒன்றும் தரவில்லை. நூல் அறாதவரை நாம் போக வேண்டாம். அறாமல் பார்த்துக்கொள்வதுதான் தன்னிடம் தந்த பொறுப்பு. அம்மாவுக்குள் இந்த இரண்டும் எப்போது ஒன்றாகின என்று என்னால் சொல்ல முடியாது. மூடத்தனம் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நாற்பது தாண்டிய பிறகு, பல நூல்களை அப்படி நானே நீட்டிக் கட்டிய பிறகு, அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் என் நீலத் தலை ரிப்பன். அதற்கடுத்து அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தின் கரை. பழைய சேலை ஓரம் ஒன்று, பச்சை. யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. கீழே லயத்துத் திண்ணையில், இஸ்தோப்பில், யாராவது, "நூலு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "அப்படியே இருக்கு" என்பாள். பொய் அல்ல. நூல் அப்படியேதான் இருந்தது. நிறம்தான் கூடிக்கொண்டு போனது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக மழை விடவில்லை. ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர் மிளகாய்க் குழம்பு மாதிரி வந்தது. மதியம் அம்மாவும் நானும் மேலே போனோம். நூல் தந்தி போல நின்றது. சேர்க்க ஒன்றும் கொண்டு வரவில்லை. கட்டியிருந்த சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு சாண் கிழித்தாள். அவிழ்த்தாள், சேர்த்தாள், முடிச்சுப் போட்டாள். நூல் தொய்ந்தது. அம்மா முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் அதன்மேலேயே இருந்தன. எனக்கு முன்னால், அம்மாவின் கைக்குக் கீழே, தொய்வு மெல்ல நேராகிக்கொண்டு வந்தது. காற்று இல்லை. யாரும் இழுக்கவில்லை. நூல் மறுபடி இறுகி நின்றது.

அம்மா இரண்டு முளையிலிருந்தும் நூலைக் கழற்றினாள். சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். ஓடவில்லை, ஓடினால் வழுக்கும்.

இஸ்தோப்பில் தலைவர், அப்பா, இன்னும் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அம்மா நூலைத் தரையில் நீட்டிப் போட்டாள்.

"இந்த வெள்ளை மட்டுந்தான் அந்த அம்மா கட்டுனது. மத்ததெல்லாம் நான் கட்டுனது."

ஒரு முழ வெள்ளைக்குப் பிறகு, இரண்டரை முழத்துக்கு நிறங்கள். யாருக்கும் பள்ளிப் பாடம் தேவைப்படவில்லை.

தலைவருக்கு மட்டும் ஏற்கவில்லை. "அறுந்தாத்தானே போகச் சொன்னாங்க. அறுந்துச்சா?"

"அறுக நான் விடலியே அண்ணே!"

அம்மா அப்படிக் கத்தி நாம் கேட்டதில்லை. அப்பா உள்ளே போனார். கதவைக் கீல்களிலிருந்து கழற்றி முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் நம்பினார்கள். பன்னிரண்டு வீட்டாரும் கிளம்பினார்கள்; ஏழு வீட்டுக் கதவுகள், சட்டி பானைகள், கோழிகள், ஒரு தையல் மெஷின், மழைக்குள் வரிசையாகக் கீழே பாடசாலைக்கு இறங்கின. தொரைக்குச் சொல்லாமல் எப்படிப் போவது என்று புலம்பிக்கொண்டே தலைவரும் வந்தார், ஒரு கையில் குடை, ஒரு கையில் ரேடியோ.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் கலையும் நேரத்தில், மலை வந்தது. லாரி நிறையக் கல் கொட்டுகிற சத்தம், அது நிற்கவேயில்லை. பன்னிரண்டில் ஒன்பது காம்பரா போயிற்று. இரண்டு ஆடுகள். ஆட்கள் ஒருவரும் இல்லை.

*

அடுத்த ஆகஸ்டில் மண் டாக்டர் மறுபடி பதுளைக்கு வந்தார். அதே மண்டபம், அதே வேன். இம்முறை அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வெற்றிலை கொடுத்தார்கள். மேடை மேசையில், மலை சரிந்த பிறகு பார்க்க வந்த அதிகாரி எடுத்துப்போன அந்த நூலைக் கண்ணாடிக்குக் கீழே நேராக நீட்டி வைத்திருந்தார்கள்; திரையில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. என் ரிப்பன் ஒரு ஆறு போல நீலமாக ஓடியது. மண் டாக்டர் ஒவ்வொரு நிறத்தையும் குச்சியால் தொட்டு, இந்த வாரம் இவ்வளவு, இந்த வாரம் இவ்வளவு என்று விளக்கினார். தன் கருவிகளில் எதுவும் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அம்மாவை ஏதாவது சொல்லச் சொன்னார்கள். எழுந்தாள். ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"அறுந்தா போங்கன்னு சொன்னீங்க. எங்க போறதுன்னு சொல்லலீங்க. அதான் அறுக விடல."

மாமா எழுந்து அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவருக்கு நல்லது நடக்கட்டும், அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

மண் டாக்டர் குச்சியை மேசையில் வைத்தார். "அப்படியானால் எங்கே போனீர்கள்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்குங்க."

"இப்போது?"

"அங்கதாங்க. லீவுக்கு வகுப்புல இருப்போம், பள்ளிக்கூடம் தொடங்குனா வெளிய கொட்டாயில இருப்போம்."

அவர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். திறந்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார். மேடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவுக்கு முன் குனிந்தார். வழக்கமான வணக்கத்தைவிடக் கீழே, வெகுநேரம். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் வெற்றிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பகலுணவு தயாராக இருந்தது.

மதியத்துக்குப் பிறகு எல்ல அருவி. போன வருடம் தவறியது என்று இம்முறை முதலிலேயே போட்டிருந்தார்கள். மண் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஏற்பாடாகிவிட்டது என்றார் அதிகாரி. அம்மாவும் வரட்டும், வேனில் இடம் இருக்கிறது என்று மண் டாக்டர் மாமாவிடம் சைகையில் சொன்னார். அம்மாவுக்கு ஆசைதான். ஐம்பது மைலுக்குள் இருக்கும் எதையும் அவள் சும்மா பார்ப்பதற்காகப் போய்ப் பார்த்ததில்லை.

"இல்ல தம்பி. நாலு மணிக்குத் தண்ணி பவுசர் வரும். வரிசையில நிக்காட்டி நாளைக்குத் தண்ணி இல்ல."

பாடசாலைக்கு இறங்கும் சந்தியில் மாமா வேனை நிறுத்தினார். அம்மா இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ வாறியா?"

கையில் தாளோடு தின்னும் மிட்டாய் இருந்தது. ஜன்னலோரம் கிடைத்திருந்தது. "அருவிய பாத்துட்டு வாறேன்" என்றேன்.

"சரி. நனஞ்சுராத."

இரண்டு வாளியும் சந்திக் கடையில் கொடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. அவற்றை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். மண் டாக்டர் பின் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் முன்னால் பார்த்தேன்.

ஆகஸ்ட் என்பதால் அருவியில் தண்ணீர் அதிகமில்லை. ஆனாலும் வெகுநேரம் நின்று பார்த்தோம்.